சூளையில் கால் வெடித்த யாளி, தலையையாவது காப்பாற்ற முடியுமா?

காவிரிக்கரை மண்:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் முதல் முறையாகக் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வாரமாக ஒரு யாளி செய்தேன். ஸ்டோன்வேர் மண் (முதலில் ஒரு சூடு, பிறகு உயர்சூடு என்று இரண்டு முறை சுடுகிற களிமண்), அச்சு எதுவும் இல்லை, முழுக்கக் கைவேலை. பின்னங்கால் இரண்டில் எழும்பி, முன்னங்கால்களைத் தூக்கிய நிலை. சிங்க முகம், குட்டையான துதிக்கை, பிதுங்கிய கண், பிடரி முழுக்கச் சுருள் மயிர். உயரம் 40 சென்டிமீட்டர். பிடரிச் சுருள் மட்டும் 112. ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் புழு மாதிரி உருட்டி, ஊசியில் சுற்றி, கீறிவிட்டு, களிக்குழம்பு தொட்டு ஒட்டினேன். இரவு பிள்ளை தூங்கிய பிறகு பத்து மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டுக்குள் ஏழெட்டுச் சுருள்தான் முடியும்.

ஏன் யாளி என்றால், சின்ன வயதில் எங்கள் பக்கத்து ஊர்க் கோயில் மண்டபத்தில் அப்பா என்னைத் தூக்கிப் பிடித்து யாளியின் வாய்க்குள் கையை விடச் சொல்வார். உள்ளே ஒரு கல் உருண்டை இருக்கும். உருளும், சத்தம் கேட்கும், ஆனால் எப்படித் திருப்பினாலும் பல்லைத் தாண்டி வெளியே வராது. அந்த வழவழப்பும் குளிர்ச்சியும் இன்னும் விரலில் இருக்கிறது. அப்பா தவறிப்போய், வருகிற மாசியோடு ஒரு வருஷம் ஆகிறது. அதற்குள் அதே போல வாயில் உருண்டையோடு ஒரு யாளி வீட்டில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

எனக்குச் சொந்தச் சூளை இல்லை. காசு கொடுத்து வேறொருவர் இடத்து மின்சூளையில் முதல் சூட்டுக்கு வைத்தேன், 1000 டிகிரி. மறுநாள் திறந்தால் இடது பின்னங்கால் இல்லவே இல்லை, நகக்கண் அளவுச் சில்லாகச் சூளை முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. உடம்பு சாய்ந்து வலது காலும் முறிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த யாரோ ஒருவருடைய இரண்டு கிண்ணமும் போச்சு, அவரிடம் மன்னிப்புக் கேட்டு மண்ணுக்கான பணம் கொடுத்தேன். தலை மட்டும் கழுத்தோடு தனியாக வந்துவிட்டது. சுருள் ஒன்றுகூட விழவில்லை. ஆனால் வாயோரத்தில் தொடங்கிக் காதுக்குக் கீழே வரை தாடை விரிசல் விட்டிருக்கிறது, உருண்டை அசையாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது.

விவரம் எல்லாம் சொல்லிவிடுகிறேன். உடம்பு கூடு, உள்ளே செய்தித்தாள் அடைத்திருந்தேன். கால் எடை தாங்க வேண்டுமே என்று 5 செ.மீ. தடிமனில் கெட்டியாகவே செய்தேன். ஒன்பது நாள் காயவைத்தேன், ஐப்பசி அடைமழை. உருண்டை ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அதை முன்னாடியே தனியாகச் சுட்டு எடுத்து, ஈரமாக இருந்த வாய்க்குள் வைத்து மேல்தாடையை மூடினேன்.

எங்கே தவறினேன்? இந்தத் தலையை வைத்துக்கொண்டு ஏதாவது செய்ய முடியுமா? அந்த 112 சுருளை மறுபடி செய்ய மனசில் தெம்பு இல்லை.

பச்சைக்களிமண்:

காற்றுக்குமிழிதான், வேறென்ன. மண்ணை நன்றாகப் பிசையாமல் விட்டால் உள்ளே காற்று தங்கிவிடும், சூட்டில் அது விரிந்து வெடிக்கும். அடுத்த முறை மாவு பிசைவது போல நூறு முறையாவது பிசையுங்கள்.

மணிமுத்தாற்றங்கரை:

தம்பி சொல்வது எல்லோரும் சொல்வதுதான், ஆனால் அது சரியில்லை. நான் விருத்தாசலத்தில் பீங்கான் வேலையில் இருபத்தைந்து வருஷம் சூளை பார்த்தவன். நன்றாகக் காய்ந்த மண்ணில் காற்று இருந்தால் ஒன்றும் ஆகாது, சூடேறும்போது மண்ணின் நுண்துளை வழியாகக் காற்று போய்விடும். கூடாகச் செய்த பொம்மை முழுக்கக் காற்றுதானே, அது வெடிக்கிறதா? வெடிக்க வைப்பது ஈரம். தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு இடம் கேட்கும். மெல்லிய சுவராக இருந்தால் ஆவி மெதுவாகக் கசிந்துவிடும். 5 செ.மீ. கெட்டிக் கால் என்றால் நடு மையத்து ஈரத்துக்கு வழியே இல்லை, சூளை 100 டிகிரி தாண்டிய நிமிஷம் அது கல்லுடைக்கிற வெடி மாதிரி. நகக்கண் அளவுச் சில்லு என்று சொன்னீர்களே தங்கச்சி, அது ஆவி வெடிப்புக்கே உரிய அடையாளம். மற்ற விரிசலில் பெரிய பெரிய துண்டாக வரும்.

ஐப்பசியில் ஒன்பது நாள் வைத்தால் அது காயவைத்ததே ஆகாது. காற்றே ஈரமாக இருக்கும்போது மண் எங்கே காயும்? மேலே வெளுத்துப் போயிருக்கும், அதைப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதைவிட நம்பகமான வழி எடை. சமையலறைத் தராசு போதும். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள். எடை குறைந்துகொண்டே வரும், ஒரு நாள் நிற்கும். நின்ற பிறகும் இரண்டு நாள் விடுங்கள்.

சூளையிலும் அவசரம் கூடாது. முதல் நாள் இரவு 80 முதல் 90 டிகிரிக்குள் நிறுத்தி, மூடியை ஒரு விரல் திறந்து, எட்டு மணி நேரம் அப்படியே விட வேண்டும். நூறைத் தொடக் கூடாது. காலையில் மூடித் திறப்புக்கு நேராக ஒரு கண்ணாடித் துண்டைக் காட்டுங்கள், பனி படிந்தால் இன்னும் ஆவி வருகிறது. பனி நின்ற பிறகு மணிக்கு 60 டிகிரி வீதம் 600 வரை. அதற்குள் 573-ல் மண்ணிலிருக்கும் குவார்ட்ஸ் சட்டென்று பருமன் மாறும். ஏறும்போதும் சரி, ஆறும்போதும் சரி, அந்த இடத்தில் நிதானம் வேண்டும், இல்லையென்றால் கோடு விழும். 600 தாண்டினால் கொஞ்சம் வேகமாக விடலாம். ஆறுவதற்கு முந்தித் திறக்காதீர்கள்.

பொதுச் சூளையில் எல்லோருடைய கிண்ணத்துக்கும் ஒரே வேகத்தில்தான் ஏற்றுவார்கள். அது அவர்கள் குற்றமும் இல்லை, கிண்ணத்துக்கு அந்த வேகம் போதும். உங்கள் பொருளுக்குத் தனியாக ஒரு நாள் கேட்டு வாங்குங்கள்.

புரவிமண்:

அக்கா, நாங்கள் வேளார், மண்பாண்டம் செய்கிறவர்கள். புதுக்கோட்டைப் பக்கம். தாத்தா, பெரியப்பா எல்லோரும் அய்யனார் குதிரை செய்கிறவர்கள், நானும் புரவியெடுப்பு (அய்யனாருக்கு மண்குதிரை எடுத்துப்போகும் திருவிழா) வரும்போது கூட நிற்பேன். உங்கள் பதிவைப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். கால் கெட்டி என்று வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

நாங்கள் ஆள் உயரத்துக்கு மேல் குதிரை செய்வோம், அதில் கெட்டியாக ஓர் இடம்கூட இருக்காது. கால் நாலும் குழாய்தான். முதலில் நாலு குழாயையும் நிறுத்தி, அது பாதி காய்ந்து எடை தாங்கும் பதம் வந்த பிறகுதான் மேலே வயிறு ஏற்றுவோம். கொஞ்சம் ஏற்றி, காயவிட்டு, விளிம்பை மட்டும் ஈரத்துணியால் மூடி வைத்து, மறுநாள் அதன் மேல் அடுத்த சுற்று. உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டிச் சுவரை இறுக்குவது, அந்தத் தட்டில்தான் பலமே வருகிறது. தடிமன் எடை தாங்காது அக்கா, குழாய்தான் தாங்கும். மூங்கிலைப் பாருங்கள்.

இன்னொன்று, வெறும் களிமண்ணை நாங்கள் குதிரைக்குப் பயன்படுத்தவே மாட்டோம். கண்மாய்க் களியோடு மணலும் நெல் உமியும் போட்டுக் காலால் மிதிப்போம். உமி சூட்டில் எரிந்து போய்ச் சின்னச் சின்ன ஓட்டையாக நிற்கும், ஆவி வெளியேற அதுதான் வழி. மணல் சுருங்காது, அதனால் மொத்த மண்ணும் குறைவாகச் சுருங்கும். உங்கள் ஸ்டோன்வேர் மண்ணில் உமி சரிவருமா என்று எனக்குத் தெரியாது, அது தெரிந்தவர்கள் சொல்லட்டும். பெரியப்பா கேட்கச் சொன்னது வேறு: வயிற்றுக்குக் கீழே முட்டுக் கொடுத்தீர்களா? எங்கள் பெரிய குதிரைகளில் வயிற்றைத் தாங்க நடுவில் ஒரு தூண் நிற்கும், பல இடங்களில் அதையே பூதமாக, ஆளாகச் செய்துவிடுவோம். பார்க்கிறவர்களுக்கு அது பூதம். குதிரைக்கு அது ஐந்தாவது கால்.

காவிரிக்கரை மண்:

அண்ணா, தம்பி, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பெரியப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மூங்கில் என்று படித்ததும் சட்டென்று விளங்கிவிட்டது, நான் காலைப் பற்றி யோசித்ததே தலைகீழ். முட்டு எதுவும் கொடுக்கவில்லை. கோயிலில் யாளி இரண்டு காலில்தானே எழும்பி நிற்கிறது, அதைப் பார்த்துத்தான் செய்தேன்.

கல்லுளி:

இந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத வந்தேன். மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் படித்தவன், கல்வேலை.

கோயில் யாளி இரண்டு காலில் நிற்கவில்லை. முதுகைப் பாருங்கள், தூணோடு ஒன்றாக இருக்கும். தூணும் யாளியும் ஒரே கல், யாளியைத் தூணிலிருந்து முக்கால்வாசி வெளியே எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். மதுரை புதுமண்டபத்தில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியும். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துத் தாவும் குதிரைகளும் அப்படித்தான். எதிரே நின்று பார்க்கும்போது நம் மேல் பாய்வது போல இருக்கும், அந்தப் பாய்ச்சலைப் பின்னால் இருந்து தூண் பிடித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் யாளியை எடுத்துக்கொண்டு தூணை விட்டுவிட்டீர்கள். அதனால் தனியாக நிற்கிற யாளிக்கு நிலையையே வேறாக யோசிக்க வேண்டும்.

யாளி எல்லாக் காலத்திலும் இப்படிப் பெரிதாக இருந்ததும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் அதிட்டானத்தில், அதாவது அடித்தளத்தில், யாளி வரி ஓடுகிறது, அங்கே அவை ஒரு பட்டையில் வரிசையாக முன்பாதி மட்டும் எட்டிப் பார்க்கும். விஜயநகர, நாயக்கர் காலத்தில்தான் தூணளவு உயர்ந்து ஆளைவிடப் பெரிதாக எழும்பின. உங்களுக்கு 40 செ.மீ. போதும் என்றால் உட்கார்ந்த யாளியோ, நாலு காலில் பதுங்கிய யாளியோ செய்யலாம், அதற்கும் மரபு உண்டு.

எழும்பிய நிலைதான் வேண்டும் என்றால் வழி மண்டபத்திலேயே இருக்கிறது. பல தூண்களில் யாளியின் காலடியில் ஒரு யானை இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? யானை துதிக்கையை மேலே தூக்கியிருக்கும், யாளியின் துதிக்கை கீழே இறங்கி வரும். அந்த யானையை முட்டாக வையுங்கள். யாளியின் அடிவயிறு யானையின் மத்தகத்தில் (நெற்றி மேட்டில்) உட்காரட்டும். வாலைப் பின்னால் தரையில் ஊன்றிவிட்டால் பின்னங்கால் இரண்டு, வால், யானை என்று நாலு இடத்தில் எடை இறங்கும். யானை அங்கே வெறும் ஒப்பனையும் இல்லை. சங்கப் பாட்டிலேயே ஆளி (யாளியின் பழைய பெயர்) என்றால் யானையைக் கொல்கிற விலங்கு. பொருநராற்றுப்படையில் கரிகாலனுக்கு உவமையாக வருவது ஆளிக்குட்டி, பால்குடி மறக்குமுன்னே முதல் வேட்டையிலேயே களிற்றை வீழ்த்துகிற குட்டி. உங்கள் யாளிக்கு யானை முட்டுக் கொடுத்தால் அது கதைக்கும் பொருந்தும், கனத்துக்கும் பொருந்தும்.

இன்னும் ஒரு சொல். யாரும் பார்க்காத மிருகம் என்பதால் எப்படி வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகாது. உறுப்பு ஒவ்வொன்றும் பார்த்த மிருகத்தினுடையது. தோள் சிங்கத்துடையது என்றால் அந்தத் தோளுக்குள் எலும்பு எங்கே திரும்புகிறது என்பது தெரிய வேண்டும். நான் முதலாண்டில் யாளி வரைந்தபோது ஆசிரியர் தாளைத் திருப்பிக் கொடுத்து, போய்த் தெருநாய் எழும்பி நிற்பதை ஐம்பது முறை வரைந்துகொண்டு வா என்றார். வரைந்தேன். பின்னங்கால் முட்டி எங்கே மடங்குகிறது, இடுப்பு எப்படிக் கீழே இறங்குகிறது என்பது அதற்கு அப்புறம்தான் கைக்கு வந்தது.

வெண்களி:

புதுச்சேரியில் இருக்கிறேன், பதினெட்டு வருஷமாக ஸ்டோன்வேர் செய்கிறேன். 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்கலைப் பட்டறையைத் தொடங்கினார்கள், இந்தப் பக்கத்து ஸ்டோன்வேர்க்காரர்கள் பலருடைய கைவழி அங்கே போய் முடியும், என்னுடையதும் அப்படித்தான்.

காலைப் பற்றி எல்லாம் சொல்லியாகிவிட்டது. தாடை ஏன் விரிந்தது என்று யாரும் சொல்லவில்லை. அது வெடிப்பினால் வந்தது இல்லை. உருண்டையை முன்பே சுட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் காரணம். சுட்ட உருண்டை அதற்கு மேல் காய்ந்து சுருங்காது. ஈர வாய் சுருங்கும். காயும்போதே ஐந்தாறு சதவீதம் போய்விடும். வாய் சுருங்கி வந்து உருண்டையைக் கவ்வியது, அதற்கு மேல் சுருங்க இடமில்லாமல் எங்கே மெல்லியதோ அங்கே, அதாவது வாயோரத்தில், பிளந்தது. அநேகமாகக் காயும்போதே மயிரிழைக் கோடு விழுந்திருக்கும், சூளை அதைத் திறந்து காட்டியது.

உருண்டையும் வாயும் ஒரே மண்ணில், ஒரே ஈரப் பதத்தில், ஒன்றாகக் காய வேண்டும். இரண்டும் பாதி காய்ந்த பதத்தில் இருக்கும்போது உருண்டையை மெல்லிய டிஷ்யூ காகிதத்தில் சுற்றி வாய்க்குள் வைத்துப் பல்லை ஒட்டிவிட்டால், காகிதம் எரிந்து போகும், உருண்டை உருளும். உருண்டையும் கெட்டியாக வேண்டாம், இரண்டு கிண்ணம் மாதிரி கிள்ளி எடுத்துச் சேர்த்து, ஊசியால் ஒரு துளை.

ஆனால் உங்களிடம் சுட்ட தலை இருக்கிறது, 112 சுருளோடு. அதை விட வேண்டாம். நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன்.

முதலில் தலையைத் தண்ணீரில் ஊறவிடுங்கள். 1000 டிகிரியில் சுட்ட மண் இன்னும் மென்மைதான், ஊறினால் தூசி பறக்காது. ஹாக்சா பிளேடில் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, பல்லிடுக்கு வழியாக உருண்டையை மெதுவாக அறுங்கள். தாடையை நெம்பாதீர்கள். உருண்டை நாலைந்து துண்டானதும் தானாக வெளியே வரும், அழுத்தம் போனதும் விரிசலும் கொஞ்சம் நெருங்கிவிடும். அந்தக் கோட்டில் பச்சை மண்ணை வைத்து அடைக்காதீர்கள், சுட்ட மண்ணில் ஈர மண் நிற்காது, சுருங்கி உதிரும். அதே மண்ணைச் சுட்டுப் பொடித்த தூள், கொஞ்சம் காகிதக்கூழ், கொஞ்சம் சோடியம் சிலிகேட் சேர்த்துக் குழைத்துக் கத்தி முனையால் திணியுங்கள். அதுவும் உயர்சூட்டில் திறந்துகொண்டால் கடைசியில் எபாக்சிப் பசையில் செங்கல் தூள் கலந்து அடைக்கலாம். அது வீட்டில் வைக்கிற சிற்பம்தானே, சோறு போட்டுச் சாப்பிடுகிற தட்டு இல்லையே.

அப்புறம், தலையையும் உடம்பையும் சேர்த்துச் செய்யவே வேண்டாம். லண்டனில் மார்ட்டின் சகோதரர்கள் என்று நாலு பேர், 1877-ல் சவுத்தாலில் பட்டறை வைத்தவர்கள். உப்பு மெருகில் விசித்திரப் பறவைகள் செய்தார்கள், மூத்தவர் ராபர்ட் வாலஸ் மார்ட்டினின் கைவேலை. அந்தப் பறவைகளுக்குத் தலைதான் மூடி. உடம்பு ஜாடி, தலையைத் தூக்கினால் கழன்று வரும். நான் அவற்றைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன், ஆனால் அந்த யோசனையை என் வேலையில் எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன். தலை தனி, உடம்பு தனி என்றால் காய்வது தனித்தனி, சுடுவது தனித்தனி, ஒன்று போனால் மற்றது பிழைக்கும்.

உங்கள் உருண்டைக்கும் இதில் வழி இருக்கிறது. தலை கழுத்தோடு முறிந்து வந்ததால் அடியில் திறந்திருக்கும். வாயின் பின்சுவரை அறுத்துத் தொண்டையைத் திறந்துவிடுங்கள். பல்லிடுக்கைவிடப் பெரிய உருண்டையைத் தொண்டை வழியாகப் போடலாம். உடம்பின் கழுத்து மேலே ஒரு தளம் வைத்து மூடிவிட்டால் உருண்டை கீழேயும் போகாது, பல்லைத் தாண்டி வெளியேயும் வராது. அந்தத் தளத்தில் ஒரு துளை மறக்காமல் போடுங்கள், உடம்புக்குள் இருக்கும் ஆவி அதன் வழியாகப் போகட்டும். உருண்டையிலும் வாயின் உட்புறத்திலும் க்ளேஸ் (கண்ணாடி மெருகு) படவே கூடாது, பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

அளவு மட்டும் கவனம். உங்கள் மண் மொத்தம் 12 சதவீதம் சுருங்குவதாக வைத்துக்கொள்வோம், அதில் பாதி ஏற்கனவே சுருங்கியாயிற்று. தலையின் கழுத்து இப்போது 9 செ.மீ. என்றால் உயர்சூட்டுக்குப் பிறகு சுமார் 8.4 ஆகும். புது உடம்பின் கழுத்து வாய் கடைசியில் 8.7 வர வேண்டும், அப்படியானால் ஈரத்தில் 9.9 செ.மீ. வையுங்கள். என் கணக்கை நம்பாதீர்கள், ஒரு பட்டை மண்ணில் சரியாக 10 செ.மீ. கோடு கீறி, சுட்டு, மறுபடி அளந்து உங்கள் மண்ணின் சுருக்கத்தைக் கண்டுபிடியுங்கள்.

புரவிமண் தம்பி கேட்டதற்கு: ஸ்டோன்வேரில் உமியை நான் போடுவதில்லை, சுட்ட மண்ணைக் குருணையாக உடைத்த க்ராக் சேர்ப்பேன், நூற்றுக்கு இருபது இருபத்தைந்து வரை. அது உங்கள் மணல் செய்கிற வேலையைச் செய்யும்.

கல்லுளி:

வெண்களி அக்கா சொன்னது நடக்கும், ஆனால் எனக்கு ஒரு தயக்கம். கல்லில் அந்த உருண்டையை யாரும் உள்ளே போடுவதில்லை. வாய்க்குள் கல்லை அப்படியே விட்டுவைத்து, பல்லிடுக்கு வழியாகச் சின்ன உளியை விட்டு, சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்திக் கொத்திக் கடைசியில் விடுவிப்பார்கள். அது வாய்க்குள்ளேயே பிறந்த உருண்டை. இரண்டு மாத உழைப்பு கடைசித் தட்டில் போய்விடலாம் என்று தெரிந்தும் தட்டுவார்கள். தொண்டை வழியாகப் போட்டால் அது வேறு பொருள் ஆகிவிடாதா?

வெண்களி:

புரிகிறது தம்பி. ஆனால் கல் என்பது கழித்துக்கொண்டே போகிற வேலை, மண் சேர்த்துக்கொண்டே போகிற வேலை. கல்லுக்குள் ஏற்கனவே இருக்கும் உருண்டையை விடுவிக்கலாம், மண்ணில் உருண்டையை உருட்டி வைத்தால்தான் உண்டு. இடுக்கு வழியாகக் குடைந்து எடுத்தாலும் அது மண்ணுக்குப் பொருந்தாத வித்தை. எந்த வழியாகப் போனது என்பதைவிட, கையை விட்டால் உருள்கிறதா, வெளியே வராமல் இருக்கிறதா என்பதுதான் அவருக்கு வேண்டும் என்று நினைக்கிறேன். அவரே சொல்லட்டும்.

மணிமுத்தாற்றங்கரை:

தலையைத் தனியாகச் சுடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஸ்டோன்வேர் 1250 பக்கம் போகும்போது லேசாக இளகும். கனமான தலை முன்னால் நீண்டிருந்தால் உடம்பு அப்படியே முன்பக்கம் குனிந்துவிடும், திறந்து பார்க்கும்போது யாளி தரையை முகர்ந்துகொண்டிருக்கும். தலை இல்லாமல் சுட்டால் அந்தப் பயம் பாதி குறையும். அடியில் அதே மண்ணில் ஒரு தட்டுப் பலகை செய்து, அதன் மேல் ஒட்டாமல் இருக்க அலுமினாத் தூள் தூவி நிறுத்துங்கள். உடம்பு சுருங்கும்போது தட்டும் கூடவே சுருங்கும், கால்கள் இழுபடாது. காயவைக்கும்போதும் அதே தட்டில்தான் நிற்க வேண்டும்.

காவிரிக்கரை மண்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

உருண்டையை எடுத்துவிட்டேன். மூன்று ராத்திரி ஆனது. அறுக்கும்போது பிளேடு பல்லில் உரசி ஒரு கோரைப்பல் நுனி போனது, மற்றபடி தலை முழுசாக இருக்கிறது. விரிசல் நெருங்கி இப்போது மயிரிழைதான், வெண்களி அக்கா சொன்ன கலவையை வைத்திருக்கிறேன்.

கல்லுளி தம்பி கேட்டது மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோயிலுக்கே போனேன், மகளையும் கூட்டிக்கொண்டு. இந்த முறை யாளியின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். முப்பது வருஷமாக முன்னால் நின்றே பார்த்திருக்கிறேன், நீங்கள் சொன்னது போல முதுகு முழுக்கத் தூணுக்குள் இருக்கிறது. காலடியில் யானையும் இருக்கிறது, பாதி தேய்ந்து, துதிக்கை நுனி உடைந்து. அதைப் பார்த்த நினைவே எனக்கு இல்லை. மகளைத் தூக்கிப் பிடித்தேன், கையை விட்டாள், உருட்டினாள். உருண்டை எப்படி உள்ளே போனது என்று கேட்டாள். உள்ளேயே இருந்தது, சுற்றியிருந்த கல்லை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அப்பா எனக்குச் சொன்னதும் அதே வார்த்தைதான், அங்கே நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

இருந்தாலும் வீட்டு யாளிக்கு உருண்டையைத் தொண்டை வழியாகத்தான் போடப்போகிறேன். அந்தத் தலையில் அப்பாவுக்காக உட்கார்ந்த ராத்திரிகள் இருக்கின்றன, அதை ஒதுக்கிவிட்டு வேறு தலை செய்ய எனக்கு மனம் வரவில்லை.

புது உடம்பு முடிந்தது. மண்ணில் க்ராக் இருபது சதவீதம். கால் இரண்டும் குழாய், சுவர் 8 மில்லிமீட்டர், பாதத்தில் துளை. யானையும் கூடுதான், அதன் வாய் வழியாக ஆவி போகிற மாதிரி துளை விட்டிருக்கிறேன். யாளியின் அடிவயிறு அதன் மத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறது, வால் பின்னால் தட்டில் ஊன்றியிருக்கிறது. வெளியே தெருநாய் எழும்பி நின்றதை வரையவும் செய்தேன் தம்பி, ஐம்பது இல்லை, பதினாறு. இடுப்பைக் கீழே இறக்கினேன், முன்பு செய்ததைவிட இதற்கு உயிர் இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது.

புரவிமண்:

அக்கா, வால் நுனியும் யானைக் காதும்தான் முதலில் காயும், அங்கேதான் முதல் விரிசல் வரும். ஈரத்துணி சுற்றி வைத்தீர்களா? மொத்தத்தையும் பிளாஸ்டிக்கால் மூடி, நாளுக்கு ஒரு தடவை திறந்து, உட்பக்கத் தண்ணீரைத் துடைத்துவிட்டு மறுபடி மூடுங்கள். மின்விசிறிக்குக் கீழே வைக்க வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் இழுக்கும். நிறம் என்ன செய்யப்போகிறீர்கள்?

காவிரிக்கரை மண்:

பதில் எழுத மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது தம்பி. நீங்கள் சொன்ன மாதிரியே சுற்றி வைத்திருந்தேன், காதுக்கு, வாலுக்கு, முன்னங்கால் நகத்துக்கும். விசிறி இல்லாத அறை.

நிறத்துக்குப் பெரிதாக எதுவும் வேண்டாம். இரும்பு ஆக்சைடைத் தண்ணீரில் கரைத்து முழுக்கப் பூசி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிடுவேன். சுருளின் பள்ளத்திலும் கண்ணோரத்திலும் மட்டும் கறுப்பு நிற்கும், மேடெல்லாம் மண் நிறம். மண்டபத்து யாளியில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து அப்படித்தான் இருக்கும். ஒரு சில்லில் பூசிச் சுட்டுப் பார்த்தேன், பிடித்திருக்கிறது.

மணிமுத்தாற்றங்கரை அண்ணா, தராசில் தினமும் காலை ஏழு மணிக்கு நிறுத்து நாள்காட்டித் தாளில் எழுதுகிறேன். தட்டோடு சேர்த்துச் சொல்கிறேன். காயவைத்த இருபத்தோராம் நாள் 4 கிலோ 120. முந்தாநாள் 3 கிலோ 865. நேற்று 3 கிலோ 840. இன்றும் 3 கிலோ 840. சூளைக்காரரிடம் வெள்ளிக்கிழமை தனியாக ஒரு நாள் கேட்டிருக்கிறேன், சரி என்று சொல்லிவிட்டார்.

மணிமுத்தாற்றங்கரை:

நாளையும் நாளன்றைக்கும் அதே எடை காட்டினால் எடுத்துப் போங்கள் தங்கச்சி. வண்டியில் போகும்போது மடியில் வேண்டாம், மணல் நிரப்பிய சாக்கின் மேல் வையுங்கள். வியாழன் ராத்திரி ஒன்பது மணிக்கே 80-ல் போட்டு மூடியைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். காலையில் கண்ணாடித் துண்டை நீங்களே போய்க் காட்டிப் பாருங்கள்.

காவிரிக்கரை மண்:

சரி அண்ணா. கண்ணாடி எடுத்து வைத்துவிட்டேன்.